கொடைக்கானல் மண்ணில் பாதரசம்: குறைந்ததா, இடம் மாறியதா?

கிலோவுக்கு 20 மில்லிகிராம். கொடைக்கானல் பாதரச விவகாரத்தைத் தொடர்ந்து படித்து வருபவர்கள் இந்த எண்ணைப் பலமுறை பார்த்திருப்பார்கள். மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் வளாக மண்ணில் பாதரசத்தை எந்த அளவுக்குக் கீழே கொண்டுவந்தால் போதும் என்று வகுக்கப்பட்ட இலக்கு அது. முந்தைய கட்டத்தில் 10 என்று பேசப்பட்டது. ஆர்வலர்கள் 1 என்கிறார்கள். பிற நாடுகளின் பட்டியல்களைத் தேடிப் போனால் 6.6, 11, 170 என்று எண்கள் வந்துகொண்டே இருக்கின்றன. இதற்கிடையே ஒரு சோதனை பாதரசம் குறைந்துவிட்டது என்கிறது, இன்னொன்று இன்னும் இருக்கிறது என்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் வாசகர்களைக் குழப்புகிறது.

மாசுபட்ட இடங்களைக் கையாள்வதற்கென ஒன்றிய அரசு 2025 ஜூலையில் தனி விதிகளை அறிவித்திருப்பதால், இத்தகைய எண்கள் இனி வேறு பல ஊர்களைப் பற்றியும் செய்திகளில் வரும். மலை மண்ணில் கன உலோகத்தை எப்படி அளக்கிறார்கள், ஆண்டுகள் கடந்து அது கூடியதா குறைந்ததா என்பதை எதை வைத்துச் சொல்கிறார்கள், அந்த முடிவு எங்கே சறுக்கும் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

நடந்தது என்ன

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இயங்கிய தெர்மாமீட்டர் ஆலை ஒன்று 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்கு இடம் மாறியது. நிறுவனங்கள் கைமாறியதில் அது பின்னர் இந்துஸ்தான் லீவரின் (இன்று இந்துஸ்தான் யூனிலீவர்) வசம் வந்தது. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி, ஊருக்குள் ஒரு பழைய பொருள் வியாபாரியின் கிடங்கில் டன் கணக்கில் கிடப்பது 2001 மார்ச்சில் வெளிச்சத்துக்கு வந்தது. அதே மாதம் உற்பத்தி நின்றது. 2003இல் 290 டன் அளவுக்குப் பாதரசக் கழிவுகள் மறுசுழற்சிக்காக அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டன. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் 2016 மார்ச்சில் உடன்பாடு ஏற்பட்டது.

மண் மட்டும் அங்கேயே இருந்தது. ஆலை ஒரு மலைமுகட்டில் நிற்கிறது. அதன் சரிவில் பாம்பார் சோலை. சோலை வழியே இறங்கும் நீர் கும்பக்கரை அருவி வழியாகப் பெரியகுளம் பக்கம் சமவெளிக்குப் போகிறது. வளாகத்திலிருந்து வெளியேறிய பாதரசம் நூற்றுக்கணக்கான கிலோ என்று நிறுவனத் தரப்பு ஆய்வு மதிப்பிட்டது. டன் கணக்கில் இருக்கும் என்பது எதிர்த்தரப்பின் கணக்கு. எவ்வளவு வாங்கினார்கள், எவ்வளவு பொருளாக வெளியே போனது, மீதி எங்கே என்ற வரவு-செலவுக் கணக்கில் எழுந்த வேறுபாடு இது. இப்படிப்பட்ட கணக்கில் விழும் ஓட்டையை மண் சோதனையால்தான் ஓரளவு அடைக்க முடியும். அதனால்தான் மண்ணை எப்படி அளந்தார்கள் என்பது இவ்வளவு முக்கியமாகிறது.

கிலோவுக்கு மில்லிகிராம் என்றால் எவ்வளவு

காய்ச்சல் பார்க்கும் பழைய கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்றில் ஏறத்தாழ 1 கிராம் பாதரசம் இருக்கும். அது 50 கிலோ மண்ணில் சீராகக் கலந்தால் கிலோவுக்கு 20 மில்லிகிராம் ஆகும். ஒரு சிமென்ட் மூட்டை எடையுள்ள மண்ணுக்கு ஒரு தெர்மாமீட்டர் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இயற்கையான மண்ணிலும் பாதரசம் உண்டு. பெரும்பாலான இடங்களில் அது கிலோவுக்கு 0.01 முதல் 0.5 மில்லிகிராம் வரை இருக்கும். மக்கு நிறைந்த காட்டு மண்ணில் இந்த வரம்பின் மேல்பாதியில் இருப்பது வழக்கம். அதே ஒரு தெர்மாமீட்டரின் பாதரசத்தை 0.1 மில்லிகிராம் என்ற இயல்பான அளவுக்கு நீர்க்கச் செய்ய 10 டன் மண் வேண்டும். ஆக, 20 என்பது இயற்கை நிலைக்குத் திரும்புவதற்கான எண் அல்ல என்பது இந்த எளிய வகுத்தலிலேயே தெரிந்துவிடுகிறது. அது வேறு ஏதோ ஒரு கேள்விக்கான விடை. எந்தக் கேள்வி என்பதைப் பின்னால் பார்ப்போம்.

மலை மண் ஏன் தனியாகப் பேசப்பட வேண்டும்

குளிரில் சருகு மெதுவாகவே மக்குகிறது. எனவே சோலைக்காட்டின் மேல்மண்ணில் கரிமப்பொருள் அடர்த்தியாகச் சேர்கிறது. அந்த மக்கில் உள்ள கந்தகம் பாதரசத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். ஈயமும் மக்கோடு ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. காட்மியமும் துத்தநாகமும் அப்படியல்ல. மழை மிகுந்த மலைகளின் அமிலத்தன்மை கொண்ட மண்ணில் அவை எளிதில் கரைந்து கீழே இறங்கிவிடும்.

வரும் வழியும் மலையில் வேறு. மூடுபனியும் மேகமும் மரக்கிளைகளில் படியும்போது காற்றிலுள்ள உலோகத் துகள்களும் கூடவே படிகின்றன. பாதரசத்துக்கு இன்னொரு வாசல் உண்டு: ஆவியாகக் காற்றில் திரியும் பாதரசத்தை இலைகள் தம் துளைகள் வழியே உள்ளிழுக்கின்றன, பின்னர் சருகாக விழும்போது அதை மண்ணிடம் ஒப்படைக்கின்றன. ஆலைக்கு வெளியே, கழிவு கொட்டப்படாத இடத்திலும் மண்ணில் பாதரசம் சேர்வதற்கு இதுவே முக்கிய வழி.

போகும் வழியும் அப்படியே. சரிவில் பெய்யும் கனமழை, உலோகம் ஒட்டிய நுண்துகள்களை அடித்துக்கொண்டு போகிறது. வெயில் படும் மண்ணிலிருந்து பாதரசத்தின் ஒரு பகுதி மீண்டும் ஆவியாகிக் காற்றுக்குத் திரும்புகிறது. நீர் தேங்கும் பள்ளங்களிலும் ஓடைக் கரையின் சதுப்பிலும் சில நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. மீனில் சேர்ந்து நம் தட்டுக்கு வரும் வடிவம் அதுதான். மேல்மண்ணில் எண் குறைந்திருக்கிறது என்ற செய்தி, இத்தனை வழிகளில் எது வழியாகக் குறைந்தது என்பதைச் சொல்வதில்லை.

மண் எடுப்பதிலேயே பாதி விடை முடிவாகிவிடுகிறது

உழவர்களுக்கு மண் பரிசோதனை புதிதல்ல. வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் ஒரு சாண் அளவுக்குக் குழி வெட்டி, பக்கவாட்டில் சீவி எடுத்த மண்ணை ஒன்றாகக் கொட்டி, நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பகுதிகளைத் தள்ளி, கடைசியில் அரைக் கிலோவைப் பையில் போட்டு அனுப்புவார்கள். எவ்வளவு உரம் போட வேண்டும் என்று தீர்மானிக்க வயலின் சராசரி போதும் என்பதால் அந்த முறை பொருத்தமானது.

மாசைத் தேடும்போது அதே முறை வினையாகிவிடும். பாதரசம் ஆலை வளாகத்தில் சீராகப் பரவியிருப்பதில்லை. கண்ணாடி உடைத்த இடம், கழிவுநீர் வெளியேறிய வாய்க்கால், பழைய குப்பைக் குழி ஆகிய சில புள்ளிகளில் குவிந்திருக்கும். பத்து இடத்து மண்ணைக் கலந்துவிட்டால் அந்தப் புள்ளிகள் சராசரிக்குள் மறைந்துவிடும். ஒன்பது மாதிரிகள் 4 மில்லிகிராம் அளவிலும் ஒன்று 400லும் இருப்பதாகக் கொள்வோம். சராசரி ஏறத்தாழ 44. வரிசையாக அடுக்கி நடுவில் நிற்பதை எடுத்தால் 4. முதல் எண்ணைப் படிப்பவர் முழு வளாகமும் கெட்டுவிட்டது என்பார், இரண்டாவதைப் படிப்பவர் எல்லாம் சரியாக இருக்கிறது என்பார். 400 என்ற மாதிரி எடுத்த கட்டத்தைத் தோண்ட வேண்டும், மற்ற ஒன்பதை விட்டுவிடலாம் என்ற உண்மை இரண்டிலுமே இல்லை. ஆகவே மாசு ஆய்வில் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் ஒவ்வொரு ஆழத்தையும் தனித்தனியாக எடுப்பது வழக்கம். அறிக்கையைக் கையில் எடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது சராசரியை அல்ல, கட்ட வரைபடத்தை.

பாதரசத்துக்கே உரிய ஒரு தொல்லை இதோடு சேர்கிறது. உலோக நிலையில் அது திரவம். மண்ணில் சிறு மணிகளாக ஒளிந்திருக்கும். அரை மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு மணியை எடுத்துக்கொள்வோம், கடுகைவிடச் சிறியது. தண்ணீரைப் போல் 13.6 மடங்கு அடர்த்தியுள்ள பாதரசத்தில் அதன் எடை 0.9 மில்லிகிராம் வரும். ஆய்வகத்தில் ஒரு சோதனைக்கு எடுப்பது பெரும்பாலும் அரை கிராம் மண். அந்த மணி இந்த அரை கிராமுக்குள் விழுந்துவிட்டால் அறிக்கையில் கிலோவுக்கு 1,800 மில்லிகிராம் என்று வரும். விழாவிட்டால் அதே பையிலிருந்து எடுத்த அடுத்த அரை கிராம் 2 அல்லது 3 என்று காட்டும். இரண்டு ஆய்வகங்களின் அறிக்கைகள் முரண்பட்டால் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று உடனே முடிவு கட்ட வேண்டியதில்லை. ஒரு மணி எந்தக் கிண்ணத்தில் உருண்டது என்பதே காரணமாக இருக்கலாம். அதிக மண்ணை எடுத்து நன்றாகக் கலந்து, ஒரே மாதிரியைப் பலமுறை சோதித்திருக்கிறார்களா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

ஆய்வகத்தில்

மண்ணை உலர்த்தும்போதே பிழை தொடங்கலாம். ஈயம், தாமிரம் போன்றவற்றுக்கு மண்ணை அடுப்பில் 105 பாகையில் உலர்த்தினாலும் நட்டமில்லை. பாதரசம் அந்தச் சூட்டில் ஆவியாகத் தொடங்கும் என்பதால், அறை வெப்பத்திலோ 40 பாகைக்குக் கீழோதான் உலர்த்த வேண்டும். பிறகு அமிலத்தில் கரைத்து, பாதரசத்தைக் குளிர் ஆவியாக்கி, அந்த ஆவி 253.7 நானோமீட்டர் அலைநீள ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று அளப்பார்கள். மண்ணை நேரடியாகச் சூடாக்கி, வெளிவரும் பாதரசத்தைத் தங்கத்தில் படியவைத்து அளக்கும் கருவிகளும் உண்டு. களத்தில் துப்பாக்கிபோல் நீட்டி அளக்கும் எக்ஸ் கதிர்க் கருவி குவிந்த இடங்களைக் கண்டுபிடிக்க உதவும். இயல்பான மண்ணின் 0.1 மில்லிகிராமை அது பார்க்காது. அந்தக் கருவி எதுவும் இல்லை என்று காட்டினால், அதன் கண்ணுக்கு எட்டவில்லை என்றுதான் பொருள்.

உலோக அளவு முன்கூட்டியே உறுதிசெய்யப்பட்ட சான்று மண்ணையும் கூடவே சோதித்து, அதில் சரியான விடை வந்ததா என்று பார்ப்பது எல்லா நல்ல ஆய்வகங்களிலும் நடைமுறை. அந்த வரி இல்லாத அறிக்கையை நான் அரைகுறை அறிக்கையாகவே எடுத்துக்கொள்வேன்.

பத்து ஆண்டு கழித்து மறுபடி அளந்தால்

ஒருமுறை அளப்பதைவிட, மாற்றத்தை அளப்பது பல மடங்கு கடினம். இரண்டு அளவீடுகளில் எது வேறுபட்டாலும் விடையில் அது உலோக மாற்றமாகவே தோன்றும். கவனிக்க வேண்டியவை:

1. இடம். செயற்கைக்கோள் வழி இடங்காட்டும் கைபேசி அடர்ந்த சோலைக்குள் பல மீட்டர் பிசகும். குவியல் புள்ளிகள் ஒரு மீட்டருக்கு ஒரு மாதிரி மாறும் இடத்தில், பத்து மீட்டர் தள்ளி எடுத்தால் அது வேறு நிலம். அதனால் நிலையான கல்லோ இரும்புக் குச்சியோ நட்டுவைப்பார்கள்.

2. ஆழம். சருகை ஒதுக்கிவிட்டு எடுத்தார்களா, சேர்த்து எடுத்தார்களா? காற்றுவழி வந்த உலோகம் மேல் 5 சென்டிமீட்டரில் குவிந்திருக்கும். முதல் ஆய்வில் 5 சென்டிமீட்டரும் அடுத்ததில் 15 சென்டிமீட்டரும் எடுத்தால், கீழிருக்கும் சுத்தமான மண் கலந்து எண் பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

3. மண்ணின் இறுக்கம். பலரும் மறந்துவிடுவது இதைத்தான். பொலபொலவென்ற சோலை மண்ணில் மேல் 10 சென்டிமீட்டருக்கு ஒரு சதுர மீட்டரில் 70 கிலோ மண் இருப்பதாகவும், அதில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் பாதரசம் இருப்பதாகவும் கொள்வோம்: மொத்தம் 700 மில்லிகிராம். மரம் வெட்டி வண்டிகள் ஓடி மண் இறுகியபின், அதே 10 சென்டிமீட்டருக்குள் 100 கிலோ மண் அடங்கும். கூடுதலான 30 கிலோ கீழிருந்து வந்தது. அதில் கிலோவுக்கு 1 மில்லிகிராம்தான் என்றால் மொத்தம் 730 மில்லிகிராம், சராசரி 7.3. ஒரு மில்லிகிராம்கூட வெளியேறாமல் மாசு 27 விழுக்காடு குறைந்துவிட்டது என்று அறிக்கை எழுத முடியும். இதனால்தான் கிலோவுக்கு எவ்வளவு என்பதோடு, சதுர மீட்டருக்கு மொத்தம் எவ்வளவு என்பதையும் கேட்க வேண்டும்.

4. சல்லடை. 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்த மண்ணையும், இன்னும் நுண்ணிய சல்லடையில் சலித்ததையும் ஒப்பிட முடியாது. உலோகம் நுண்துகள்களில்தான் அதிகம்.

5. அமிலம். வீரியமான அமிலம் மண்ணை அதிகம் கரைக்கும். ஆய்வகம் மாறி அமிலமும் மாறினால் எண்ணும் மாறும்.

இவற்றில் கடைசி இரண்டுக்கும் ஒரே மருந்து, முதல் முறை எடுத்த மண்ணில் ஒரு பகுதியை மூடி பாதுகாத்து வைத்து, அடுத்த முறை பழையதையும் புதியதையும் ஒரே நாளில், ஒரே கருவியில் அளப்பது. இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையம் 1843இலிருந்து பயிர், மண் மாதிரிகளை இப்படிச் சேமித்து வருகிறது. புட்டியில் மண்ணைப் போட்டு அலமாரியில் வைக்க அதிகம் செலவாகாது. ஆனாலும் நம் நாட்டுத் திட்டங்களில் முதலில் வெட்டப்படுவது அந்த அலமாரிதான்.

கண்ணுக்குத் தெரியாத வேகம்

மாற்றம் எவ்வளவு மெதுவானது என்பதற்கு நீலகிரியிலிருந்து ஒரு கணக்கு. 1946இல் தென்னிந்தியத் தேயிலையில் தலைகாட்டிய கொப்புள நோய்க்குக் காப்பர் ஆக்சிகுளோரைடு நெடுங்காலமாகத் தெளிக்கப்பட்டு வருகிறது. அதோடு நிக்கல் குளோரைடைச் சேர்க்கும் பரிந்துரையும் இருந்தது. ஹெக்டேருக்கு ஒரு தெளிப்புக்கு 200 கிராம் மருந்து, அதில் பாதி தாமிரம், ஆண்டுக்கு 20 தெளிப்பு என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 2 கிலோ தாமிரம். மேல் 15 சென்டிமீட்டரில் ஹெக்டேருக்குச் சுமார் 1,500 டன் மண் இருப்பதால், அத்தனையும் மண்ணில் தங்கினாலும் ஓராண்டு உயர்வு கிலோவுக்கு 1.3 மில்லிகிராம்தான். பக்கத்துப் பக்கத்துச் செடிகளின் அடியில் எடுத்த மண்ணே 5, 10 மில்லிகிராம் வேறுபடும். எனவே இரண்டு ஆண்டு இடைவெளியில் அளந்துவிட்டு மாற்றம் இல்லை என்று சொல்வது பொருளற்றது. பத்து ஆண்டு கழித்து, நிறைய மாதிரிகளோடு அளந்தால்தான் உயர்வு இரைச்சலுக்கு மேலே தலை நீட்டும். அதற்குள் அது 13 மில்லிகிராம் ஏறியிருக்கும்.

வெர்மான்ட் மலையில் ஈயம்: ஒரு நீண்ட அளவீட்டின் பாடம்

காலப்போக்கில் மலை மண்ணை அளந்த பணிகளில் பொறுமையானவற்றுள் ஒன்று அமெரிக்காவின் வடகிழக்கு மலைக்காடுகளில் நடந்தது. வெர்மான்ட் மாநிலத்தின் கேமல்ஸ் ஹம்ப் மலை அதில் நன்கு அறியப்பட்ட களம். ஈயம் கலந்த பெட்ரோலின் புகை காற்றில் மிதந்துவந்து, தொழிற்சாலையே இல்லாத அந்த மலைகளின் சருகுப் படலத்தில் படிந்திருந்தது. மக்கு ஈயத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும் என்பதால், அது அங்கிருந்து நீங்க நூற்றாண்டுகள் ஆகும் என்று முதலில் கணித்தார்கள்.

அமெரிக்காவில் ஈயப் பெட்ரோல் 1970களின் நடுவிலிருந்து படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1996இல் சாலை வாகனங்களுக்கு முற்றிலும் தடைசெய்யப்பட்டது. இந்தியா அந்த நிலையை எட்டியது 2000இல். 1980இல் மண் எடுத்த அதே இடங்களுக்கு ஆய்வாளர்கள் 1990இலும் அதன் பின்னரும் திரும்பப் போனபோது, சருகுப் படலத்தின் ஈயம் அவர்கள் எதிர்பார்த்ததைவிட விரைவாகக் குறைந்திருந்தது. நூற்றாண்டுக் கணக்கு தசாப்தக் கணக்காகச் சுருங்கியது. மேல்படலத்தை மட்டும் அளந்தவர்கள் நல்ல செய்தி என்று எழுதிவிட்டு வீடு திரும்பியிருக்கலாம். இவர்கள் கீழேயும் தோண்டினார்கள். காணாமல்போன ஈயத்தின் பெரும்பகுதி சில சென்டிமீட்டர் கீழே, கனிம மண்ணில் போய் உட்கார்ந்திருந்தது. ஓடைக்குள் அது பெரிய அளவில் கசியவில்லை என்பது ஆறுதல். ஆனால் அந்த ஆறுதலும் அளந்து பார்த்ததால் கிடைத்தது.

இதைக் கொடைக்கானலுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஈயம் ஆவியாவதில்லை, மணிகளாக உருள்வதில்லை. வெர்மான்டில் அது வானிலிருந்து சீராகப் படிந்தது. அளக்கும் முறைக்கு மட்டும் அது பொருந்தும்.

பழைய மண் கையில் இல்லாதபோது

கொடைக்கானலில் ஆலை வருவதற்கு முன் எடுத்து வைத்த மண் மாதிரி எதையும் வைத்து வாதம் நடக்கவில்லை. அப்படிப்பட்ட இடங்களில் இயற்கையே வைத்திருக்கும் குறிப்பேடுகளைத் தேட வேண்டும். ஏரியடி வண்டல் அவற்றில் ஒன்று: குழாயை இறக்கி உருவி எடுத்து, ஈயம்-210 என்ற கதிரியக்கத் தனிமத்தின் தேய்வை வைத்து ஒவ்வொரு படலமும் எந்த ஆண்டில் படிந்தது என்று கணிக்கலாம். அதன் அரை ஆயுள் 22 ஆண்டு என்பதால் கடந்த நூறாண்டுக்கு அது நன்றாக உதவும். 1863இல் உருவாக்கப்பட்ட கொடைக்கானல் ஏரி இந்த வேலைக்குப் போதுமான வயதுடையது.

மரப்பாசியும் கற்பாசியும் காற்றைக் காட்டிக்கொடுக்கும். வேர் இல்லாததால் அவை உணவை மழையிலிருந்தும் காற்றிலிருந்தும்தான் எடுக்கின்றன. அணுசக்தித் துறையின் ஆய்வாளர்கள் இந்த வழியில் கொடைக்கானலில் சோதித்தபோது, ஆலையருகே இருந்தவற்றில் தொலைவில் இருந்தவற்றைவிடப் பல மடங்கு பாதரசம் இருந்தது. 2006இல் வெளியான அவர்களுடைய இன்னொரு ஆய்வில், கொடைக்கானல் ஏரியின் நீரிலும் வண்டலிலும் பெரிஜம் ஏரியையும் கும்பக்கரையையும்விடப் பாதரசம் அதிகமாக இருந்தது. ஆலைச் சரிவின் நீர் பாம்பார் பக்கம்தான் இறங்குகிறது, ஏரிக்குள் அல்ல. எனவே ஏரிக்கு அது காற்றுவழி வந்திருக்க வேண்டும் என்ற ஊகத்துக்கு இந்த இரண்டு சான்றுகளும் சேர்ந்து வலுவூட்டுகின்றன.

20 எந்தக் கேள்விக்கான விடை

இனி அந்த எண்ணுக்கு வருவோம். நெதர்லாந்தின் பழைய பட்டியலில், தலையிட்டுச் சுத்தம் செய்தே ஆக வேண்டிய அளவு 10 மில்லிகிராம். கனடாவில் குடியிருப்பு நிலத்துக்கு 6.6, தொழிற்சாலை நிலத்துக்கு 50. பிரிட்டன் 2009இல் வெளியிட்ட குடியிருப்பு வழிகாட்டு அளவு மூன்று எண்களைக் கொண்டது: உலோகப் பாதரசத்துக்கு 1, கனிமச் சேர்மங்களுக்கு 170, மெத்தில் பாதரசத்துக்கு 11. ஆர்வலர்கள் எடுத்துக்காட்டும் 1 என்ற எண்ணின் வேர் இதில் இருக்கிறது. எந்த வடிவம், யார் பயன்படுத்தும் நிலம் என்று கேட்காமல் இந்த எண்களை வரிசைப்படுத்துவதில் பயனில்லை.

20ஐ ஒட்டிய எண் எப்படிப் பிறக்கும் என்பதை ஒரு தோராயக் கணக்கில் காணலாம். இது அதிகாரப்பூர்வமான கணக்கு அல்ல, விளக்கத்துக்கானது. மண்ணில் விளையாடும் குழந்தை கைவழியாக நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் மண்ணை விழுங்கும் என்பது இத்துறையில் வழக்கமான அனுமானம். மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் இருந்தால், உள்ளே போகும் பாதரசம் நாளுக்கு 4 மைக்ரோகிராம். குழந்தையின் எடை 15 கிலோ என்றால், உடல் எடையில் கிலோவுக்கு 0.27 மைக்ரோகிராம். மெர்குரிக் குளோரைடுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வைத்துள்ள நாள் வரம்பு 0.3. அதற்குச் சற்றுக் கீழே நிற்கிறது.

இந்த வகைக் கணக்கு ‘இந்த மண்ணில் ஒரு குழந்தை விளையாடலாமா’ என்ற கேள்விக்கு விடை தருகிறது. கீழே ஓடையில் உள்ள மீனைப் பற்றி அது எதுவும் கேட்கவில்லை. கேட்டால் என்ன வரும் என்பதையும் போட்டுப் பார்க்கலாம். மேல் 10 சென்டிமீட்டரில் ஹெக்டேருக்கு 800 டன் மண், கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்றால் ஒரு ஹெக்டேரில் 16 கிலோ பாதரசம் சட்டப்படி இருக்கலாம். சரிவிலிருந்து ஆண்டுக்கு 10 டன் மண் அரித்துப் போனால் 200 கிராம் பாதரசம் சோலைக்குள் இறங்கும். மனிதர்களுக்குப் பொறுத்துக்கொள்ளத்தக்க எண் நீரோடைக்கும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை. சரிவும் சோலையும் இருக்கும் இடத்தில் ஓடைக்குத் தனியாக ஓர் இலக்கு வகுத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

சுத்தம் செய்த பின் அளக்க வேண்டியவை

கொடைக்கானலுக்கு முன்வைக்கப்பட்ட முறை இரண்டு படி கொண்டது. தோண்டிய மண்ணைக் கழுவிச் சலித்தால், மாசு குறைவான மணலும் கல்லும் தனியே பிரியும். பாதரசம் ஒட்டிய நுண்மண்ணைக் கலத்தில் சூடாக்கினால், 357 பாகையில் கொதிக்கும் பாதரசம் ஆவியாகி வெளியேறும், அதைக் குளிரவைத்துப் பிடிக்கலாம். முறையில் குறையில்லை. ஆனால் மரங்களை அகற்றாமல் சரிவைத் தோண்ட முடியாது, தோண்டிய சரிவு மழையில் அரிக்கும். எனவே வேலை நடக்கும் பருவமழைக் காலங்களில் ஓடையில் மிதந்துவரும் சேற்றின் பாதரசமும் அளக்கப்பட வேண்டும். வேலை முடிந்தபின் வரும் அறிக்கையில் ‘20க்குக் கீழ்’ என்பது ஒவ்வொரு கட்டத்துக்குமா, கட்டங்களின் சராசரிக்கா என்பதைத் தேடிப் படிக்க வேண்டும். திரும்ப நிரப்பிய மண் எந்த ஆழத்தில் சோதிக்கப்பட்டது என்பதையும்தான்.

ஏரி வேறு ஒரு கேள்வியை எழுப்புகிறது. இத்தனை ஆண்டுகள் படலம் படலமாகப் படிந்த வண்டலை, எந்த ஆழத்தில் எவ்வளவு பாதரசம் என்று பாராமல் மொத்தமாகத் தூர்வாரினால், ஆண்டுக் கணக்கும் கலைந்துபோகும், புதைந்திருந்ததும் மேலே வரும். வாரிய வண்டலை எடுத்துப் போய்ப் பூண்டு வயலிலோ கேரட் வயலிலோ கொட்டினால், அந்த வயலின் முதல் மண் மாதிரியை அன்றைக்கே எடுத்து வைக்க வேண்டியிருக்கும்.